கிர்சு நகரத்துச் செவ்வாய்க்கிழமைகள்

லா சப்பல், பாரிஸ்
10.01.2024

அன்புள்ள பூரணி அக்கா,

சுகர் இருந்தும் லட்டுக்கு முகம் முறிக்காத உங்கள் தேகம் இப்போது எப்படி? முழங்காலுக்கு நான் அனுப்பின களிம்பை நீங்கள்தான் பூசுகிறீர்களா, அல்லது வழக்கம்போலப் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரியின் முழங்கால்தான் சுகமாகியிருக்கிறதா? இங்கே குளிர் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம், எல்லோரும் சுகம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைக்கிறேன். நேற்று லூவ்ர் மியூசியத்தில் ஒரு மண்டபத்திலிருந்த சனத்தை முழுக்க வெளியேற்றினார்கள். காரணம், உங்கள் தம்பியின் சப்பாத்து.

மார்கழியில் ஃபோனில் நீங்கள் கேட்டது ஞாபகமிருக்கும். "முப்பது வருசமாப் பாரிசிலை குந்திக்கொண்டிருக்கிறாய், அந்தச் சுமேரியச் சிலையளை ஒருக்காலெண்டாலும் போய்ப் பாத்தனியோ?" என்று. வவுனியாவில் பென்ஷன் எடுக்கும்வரை பிள்ளைகளுக்குச் சுமேரியர் பாடம் எடுத்த மனுஷி நீங்கள். ஒரு சுமேரியக் கல்லைக் கண்ணால் கண்டதில்லை. நானோ அந்தக் கல்லுகளுக்குக் கொஞ்சத் தூரத்தில் நின்று தினமும் கொத்துரொட்டி கொத்துகிறேன். ரோசம் வந்துவிட்டது. எங்கள் கடை செவ்வாய்க்கிழமை பூட்டு என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று முகம் வழித்து, பவுடர் போட்டுப் புறப்பட்டுவிட்டேன்.

கிர்சு என்று ஒரு நகரம். இப்போதைய ஈராக்கில், நாலாயிரத்துச் சொச்ச வருடத்துக்கு முந்தியது. அங்கே கிடைத்த அரசர் ஒருவர் கறுத்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். தலை இல்லை. மடியில் ஒரு கோவிலின் வரைபடம். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்தபடி, கடன் கேட்க வந்தவர் மாதிரி அப்படி ஓர் அடக்கம். அதைக் கண்டதும் என் கை தானாக மேலே எழும்பியது. கையோடு நின்றிருக்கலாம். கறுத்தக் கல்லையும் அமைதியையும் கண்ட பழக்கத்தில், வாசலுக்குத் திரும்பிப் போய்ச் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து கும்பிட்டேன். திருநீற்றுத் தட்டை வேறு தேடினேன்.

ஆளில்லாத பொருள் எங்கே கிடந்தாலும் இந்த நாட்டில் அது வெடிகுண்டு. விசில் அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். "யாருடையது? யாருடையது?" என்று காவல்காரன் கத்துகிறான். நானும் சனத்தோடு சனமாக நின்று, யாருடையதாக இருக்கும் என்று யோசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். வலது காலின் பெருவிரல் மட்டும் கிழிந்த காலுறைக்குள்ளிருந்து வெளியே வந்து நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சப்பாத்தில்லாமலே மெட்ரோ ஏறி வந்து சேர்ந்தேன். பூட்டின கடை வாசலில், கணக்குப் பார்க்க வந்திருந்த முதலாளிப் பெடியன் கரிகாலன் என் காலைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, நேர்த்திக்கடனோ?" என்றான். ஓம் என்றுவிட்டேன். அவன் உடனே பக்தியோடு தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் நடுவில் குறுக்குக் கேள்வி கேட்பீர்கள். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

நீங்கள் இங்கே வருவதற்கு, மேரி என்கிற இந்த ஊர் நகரசபையில் எடுக்கச் சொன்ன கடதாசியை விசாரிக்கிறேன்.

பெருவிரல் வெளியே தெரிகிற தம்பி,
அரியம்

*

குருமன்காடு, வவுனியா
02.02.2024

என் அருமைத் தம்பி அரியரத்தினத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேகம் இருக்கிறபடி இருக்கிறது. களிம்பு ஜெகதீஸ்வரியிடம்தான். அவளுக்கு ஓடி வர வேண்டிய தேவை இருக்கிறது, எனக்கு எங்கே?

சப்பாத்துக் கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். விக்கி விக்கிச் சிரித்தாள். நான் சிரித்தது வேறு காரணத்துக்கு. அந்த அரசரின் பெயர் குடேயா. அவர் தெய்வம் இல்லை. கோவிலில் நாள் முழுக்க நின்று கும்பிட நேரமில்லாததால், தன் இடத்தில் நின்று கும்பிடட்டும் என்று கல்லில் தன்னைச் செய்து வைத்தவர். கும்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதனைப் போய் நீ கும்பிட்டிருக்கிறாய். அவருக்குத் தலை இருந்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பார்.

விசயத்துக்கு வருகிறேன். கண் டாக்டர் இடது கண்ணைக் கைவிட்டுவிட்டார். வலது கண்ணுக்கு ஒரு வருடம், கூடினால் ஒன்றரை என்கிறார். அது ஓடும்போதே அந்தக் கல்லுகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறு ஒன்றும் வேண்டாம், ஈபிள் கோபுரத்தை ஜெகதீஸ்வரியின் கலண்டரில் பார்த்துவிட்டேன். வீசாவுக்குக் கொழும்பில் கேட்பது ஒரே ஒரு கடதாசி: எங்கள் வீட்டில் இவவைத் தங்க வைக்க இடமிருக்கிறது என்று நீ மேரியில் எடுத்துத் தருகிற அத்தாட்சி. அதை மட்டும் கெதியாகச் செய்.

உன் பெண்சாதி தயாளினி ஒரு வரி எழுதக்கூடாதா? மகள் நிரோஜினி வேலையில் உயர்ந்துவிட்டாளா? இருவருக்கும் என் அன்பைச் சொல்.

உன் சுகத்துக்குக் கடவுளை வேண்டும்,
அக்கா பூரணி

*

லா சப்பல்
28.02.2024

ஒற்றைக் கண்ணாலும் என் பிழைகளை எண்ணிவிடுகிற அக்காவுக்கு,

கண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு மூன்று முறை வாசித்தேன். காரட் சாப்பிடுங்கள் என்று எழுதினால் அடிக்க வருவீர்கள். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை.

நேற்றும் போனேன். புதுச் சப்பாத்து, கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டு. இந்த முறை எனக்கு ஒரு வாத்தியாரும் உண்டு. ழான்-மார்க் என்று ஒரு கிழவர், எங்கள் கடைக்கு மசாலாத் தோசைக்கு வருகிறவர். அந்த மியூசியத்திலேயே காவலுக்கு நின்று பென்ஷன் எடுத்தவர். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டா. பகல் கூட்டம் முடிந்த பிறகு வந்து, தோசையைக் கத்தியால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டு, கிர்சுவைப் பற்றிக் கதைப்பார். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பார்களே, அந்த மாதிரி.

நகரம் எப்படி எழும்பியது என்று அவர் சொல்வது இது. வெறும் களிமண் நிலம். கல் இல்லை, மரம் இல்லை, மழையும் கணக்காக இல்லை. வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் வந்தது, தண்ணீரோடு பார்லி வந்தது, பார்லியோடு சனம் வந்தது. சனம் வந்ததும் சண்டையும் வந்துவிட்டது. உர்-நன்ஷே என்று ஒரு ராசா. கோவில் கட்ட, தலையில் கூடை வைத்துச் செங்கல் மண் சுமக்கிறாராம், கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் வரிசையாக அவரைப் பார்த்தபடி நிற்கின்றன. நான் அந்தக் கல்லுக்கு முன்னால் கனநேரம் நின்றேன். கூடை சுமக்கிற ராசாவுக்குக்கூடப் பிள்ளைகள் முகம் திருப்பி நிற்கின்றன, அவர் பக்கமாக.

யோசித்தால் எங்கள் லா சப்பலும் அப்படித்தான். முதலில் ஸ்டேஷன் இருந்தது. ரயிலோடு எங்கள் ஆட்கள் வந்தார்கள், ஆட்களோடு அரிசி மூட்டை வந்தது, பிறகு நகைக்கடை, சாறிக்கடை. நான் வந்த புதிதில் கூடை சுமந்தவன்தான். கொத்துக் கல்லுக்கு முன்னால் பதவி உயர்வு கிடைத்தது பிறகு.

ஊர்ப் புதினம்: கரிகாலன் ஆர்ஜொந்தெய்யில் இரண்டாவது கடை திறக்கப் போகிறானாம். அதற்குத் தலைமைச் சமையல்காரர் தேடுகிறான். என் பக்கமாகப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தான். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் கண்ணீரோடு தப்பித்தேன்.

மேரியில் இந்த அத்தாட்சி கொடுக்கிற மனுஷியின் பெயர் ஜிஸ்லேன். லீவில் நிற்கிறாவாம். வந்ததும் பார்க்கிறேன்.

தயாளினிக்கும் நிரோஜினிக்கும் உங்கள் அன்பைச் சொல்லலாம்.

சப்பாத்தோடு இருக்கும்,
அரியம்

*

குருமன்காடு
20.03.2024

அன்புத் தம்பி,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், உண்மையாகவே அறிய ஆவல்.

கூடை சுமக்கும் ராசாவைப் பற்றி நன்றாக எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் என்னிடம் இருந்தது நெருப்புப்பெட்டி அளவு படம் ஒன்று, அதுவும் மங்கல்.

ஜிஸ்லேன் லீவால் வந்துவிட்டாவா? பிரெஞ்சுக்காரர் கோடைக்குத்தான் லீவு எடுப்பார்கள் என்று கேள்வி. மாசியில் என்ன லீவு?

வீடியோவில் எடுத்தால் உன் கமரா உடைந்துவிட்டது என்கிறாய். கரிகாலனின் கமராவும் உடைந்துவிட்டதா? வீட்டுக் குசினியில் நீயும் தயாளினியும் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. சிரிக்க வேண்டும் என்றில்லை.

அக்கா

*

லா சப்பல்
24.04.2024

மதிப்புக்குரிய மேற்பார்வையாளர் அக்காவுக்கு,

ஆசிரியைகள் பென்ஷன் எடுத்தாலும் சிவப்புப் பேனா பென்ஷன் எடுப்பதில்லை என்று இப்போது விளங்குகிறது. ஜெகதீஸ்வரிக்கு என் வணக்கம். களிம்பு முடிந்திருந்தால் சொல்லட்டும். எனக்குத் தடிமன், மற்றப்படி சுகம்.

நேற்றைய செவ்வாய்க்கிழமை உருகாகினா என்ற கிர்சு அரசரோடு போனது. நகரம் பெருத்துவிட்டால் என்ன நடக்கும்? அதிகாரி பெருப்பான். கிர்சுவில் எதற்கும் ஒருவன் வந்து கையை நீட்டுவானாம். கடைசியில் உருகாகினா வந்து, இனி இது கூடாது, அது கூடாது என்று களிமண்ணில் எழுதி வைத்துவிட்டார்.

அதில் ஒன்றைக் கேளுங்கள். முன்பெல்லாம் ஒருவன் பெண்சாதியை விட்டு விலகினால், அரசருக்கு ஐந்து வெள்ளி கட்ட வேண்டுமாம், மந்திரிக்கு ஒரு வெள்ளி. மந்திரிக்கு ஏன்? அவர் என்ன செய்தார்? இடையில் நின்று சமாதானம் பேசினாரா? அல்லது சாமான்களைத் தூக்கி வைக்க உதவினாரா? ழான்-மார்க்கிடம் கேட்டேன், தோசையை வாயில் வைத்தபடி தோளைக் குலுக்கினார். உருகாகினா அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார். நல்ல மனுசன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கட்டணம் இருக்கும்போது, வெள்ளி சேர்ப்பதற்காவது ஒருவன் நாலு மாதம் யோசித்திருப்பான். அந்த நாலு மாதத்தில் இரண்டு பேரில் ஒருவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கலாம். கட்டணம் இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தோடு முடிந்துவிடும். இன்னொன்று, விலகிப் போகிறது பெண்சாதி என்றால் வெள்ளியை யார் கட்டுவது? களிமண்ணில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாலாயிரம் வருடத்துக்கு முன்னமே எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

சரி, சிரிப்புக்குத்தான் எழுதினேன்.

ஜிஸ்லேனைக் கண்டேன். அந்த அத்தாட்சிக்கு வீட்டின் நீள அகலம் வேண்டுமாம். வீட்டுச் சொந்தக்காரன் போர்த்துக்கலுக்குப் போய்விட்டான். அவன் வரட்டும்.

இப்படிக்கு, வெள்ளி எதுவும் கட்டாத
அரியம்

*

குருமன்காடு
15.05.2024

தம்பி அரியம்,

என் சுகத்தை இன்றைக்கு விடு. தடிமனுக்கு மல்லித் தண்ணீர் குடி.

உருகாகினா மீன் பிடிக்கிறவனைக் காப்பாற்றினார், செம்மறிக்காரனைக் காப்பாற்றினார், விதவையையும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையையும் பலசாலியிடம் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். நான் பிள்ளைகளுக்கு இதைத்தான் படிப்பித்தேன். நீ ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பது விலகிப் போவதற்கான கட்டணத்தைப் பற்றி மட்டும்.

மேரிக் கடதாசியைப் பற்றி இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ தனியாகவா சாப்பிடுகிறாய்?

அக்கா

*

லா சப்பல்
31.07.2024

அன்புள்ள அக்கா,

பதில் எழுதப் பிந்திவிட்டது. ஒலிம்பிக் என்று சொல்லித் தெருவெல்லாம் கம்பி அடைத்து, தபாற்பெட்டிக்குப் போவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும் போலிருந்தது. அப்படி ஒன்றும் இல்லை, சும்மா எழுதுகிறேன். உங்கள் கண், கால் எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நகரம் விழுந்த கதையை எழுதாமல் வைத்திருந்தேன். இரண்டு தரம் விழுந்தது. முதல் தரம் உம்மா என்ற பக்கத்து ஊர்க்காரர் வந்து கொளுத்தினார்கள். வாய்க்கால் தண்ணீருக்குத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை பிடித்தவர்கள்தான். எந்தெந்தக் கோவிலுக்கு நெருப்பு வைத்தார்கள், எங்கே வெள்ளியை எடுத்தார்கள் என்று ஒருவன் இருந்து ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறான். கடைசியில், எங்கள் அரசரில் பிழை இல்லை, பாவம் கொளுத்தினவனின் தெய்வத்தின் கழுத்தில் விழட்டும் என்று முடித்திருக்கிறான். எனக்கு அந்த ஆளைப் பிடித்துக்கொண்டது. அவனுக்குப் பிழை யாரில் என்று தெரிந்திருந்தது.

பிறகு உங்கள் குடேயா வந்தார். கனவு கண்டு கோவில் கட்டி, கடல் தாண்டிக் கறுத்தக் கல் எடுப்பித்து, நகரம் திரும்பவும் எழும்பியது. இரண்டாம் தரம் விழுந்ததுதான் விளங்கவில்லை. ழான்-மார்க்கிடம், "இந்த முறை யார் கொளுத்தினது?" என்று கேட்டேன்.

"ஒருவரும் இல்லை," என்றார். "அதிகாரம் வேறு ஊருக்குப் போனது. தண்ணீர் வேறு பக்கம் போனது. ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள்."

"கடைசியாகப் போனவர் ஆர்?"

"அதைப் பார்த்து எழுத அங்கே ஆள் இருக்கவில்லையே," என்றார்.

இங்கேயும் அப்படித்தான். ஒருவர் லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கிக்கொண்டு போகிறார், மற்றவர் ஆர்ஜொந்தெய்க்கு. சனி ஞாயிறு சாமான் வாங்க வருவார்கள். செவ்வாய்க்கிழமை தெருவில் நடந்தால் பாதி இரும்புக் கதவுகள் கீழே கிடக்கும். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் கிர்சுவுக்குப் போகிறேன்.

அங்கே குடேயாவின் சின்னச் சிலை ஒன்று முழுசாக இருக்கிறது. உடல் முதலில் கிடைத்ததாம். தலை இருபது வருடத்துக்கும் மேலே கழித்து, வேறு ஆள் தோண்டும்போது கிடைத்தது. பொருத்திப் பார்த்தால் சரியாக இருந்ததாம். கழுத்தில் கீறல் தெரிகிறது. ஆனால் பொருந்துகிறது.

வேறென்ன? சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கடையில் வேலை செய்கிறவனுக்குச் சாப்பாட்டுக்கு என்ன குறை.

அரியம்

*

குருமன்காடு
20.08.2024

தம்பி,

சாப்பாட்டுக்குக் குறைவா என்று நான் கேட்கவில்லை.

அக்கா

*

ஸ்டாலின்கிராட், பாரிஸ்
04.09.2024

அக்கா,

ஓம். தனியாகத்தான்.

மேலே முகவரியை மாற்றி எழுதியிருக்கிறேன். இதுதான் என் முகவரி. இவ்வளவு நாளும் கடை முகவரிக்குத்தான் உங்கள் கடிதங்கள் வந்தன. மூன்று வருடமாக இந்த அறையில் இருக்கிறேன். கட்டிலை மடித்தால் அடுப்புக்குப் போகலாம். அடுப்பை மூட்டினால் கட்டிலில் இருந்து கறி கிண்டலாம். வசதிதான்.

ஆவணித் தேர் அன்றைக்குக் கடை வாசலில் மோர் ஊற்றிக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் தயாளினியும் நிரோஜினியும் நின்றார்கள். மகள் கண்டுவிட்டு, "சவா, பப்பா?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டுக் கத்தினாள். நான் மோர்ச் சட்டியைத் தூக்கிக் காட்டி, "பிள்ளையாருக்கு வயிறு சரியில்லையாம், மோர் கேட்டவர்!" என்றேன். பக்கத்தில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. மகளும் சிரித்தாள். தயாளினி சிரிக்கவில்லை. அதற்குள் தேர் நடுவில் வந்துவிட்டது. பெரிய தேர், மெதுவாகத்தான் நகரும். அது போன பிறகு பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் தேங்காய் ஓடுகள்தான் கிடந்தன.

அவள் போகும்போது சண்டை ஒன்றும் இல்லை. "உங்களோடை கதைச்சால் சிரிப்பு வரும். பதில் வராது," என்று மட்டும் சொன்னாள். அதற்கும் நான் ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று இப்போது ஞாபகம் இல்லை. நன்றாக இருந்திருக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டுதான் பெட்டியை எடுத்தாள்.

மேரிக்கு ஒரேயொரு தரம் போனேன். ஜிஸ்லேன் லீவில் இல்லை, போர்த்துக்கல்காரனும் இல்லை. "உங்கள் அக்கா எங்கே படுப்பா?" என்று கேட்டா. "முறை வைத்துப் படுப்போம், நான் இரவு, அவ பகல்," என்றேன். அவ நன்றாகச் சிரித்தா. கடதாசி தரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மார்கழியில் நீங்கள் வர வேண்டும் என்று கேட்டதற்கு அடுத்த கிழமை, லெ பிளாங்-மெனிலுக்குப் போனேன். தயாளினியின் வீடு பெரிது, அவள் கையெழுத்து வைத்தால் மேரியில் மறுக்க மாட்டார்கள். மணி அடித்தேன். கதவு திறந்தது. நான் பழக்கத்தில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். நிமிர்ந்த பிறகுதான் பார்த்தேன், அவள் கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். வழி விட்டு விலகி நிற்கவில்லை. இரண்டு பேரும் என் காலுறையைப் பார்த்தோம், அது கிழிந்திருந்தது. "சப்பாத்தைப் போடுங்கோ, குளிரும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "என்ன விசயம்?" என்று கேட்டாள். "சும்மா இந்தப் பக்கம் வந்தனான்," என்றேன். அந்தப் பக்கம் ஒருவரும் சும்மா வருவதில்லை. உங்கள் பெயரை எடுக்க வாய் வரவில்லை.

உங்கள் வலது கண்ணின் எட்டு மாதத்தைப் பகிடி விட்டே முடித்துவிட்டேன். அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.

கிர்சுவைப் பற்றி எழுதினது மட்டும் பொய் இல்லை, அக்கா. அவ்வளவும் என் கண்ணால் கண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமைகளும் இல்லாவிட்டால் இந்த வருடத்தை என்ன செய்திருப்பேனோ தெரியாது.

உங்கள் சுகத்தை இப்போது விசாரிக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

தம்பி

*

குருமன்காடு
27.09.2024

என் அருமைத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ உண்மையாகக் கேட்டபடியால் உண்மையாகச் சொல்கிறேன்: கால் வலி, இரவில் நித்திரை குறைவு. வலது கண்ணில் ஓரம் மங்கிவிட்டது. நடு இன்னும் தெளிவு. இந்தக் கடிதத்தை அந்த நடுவால்தான் எழுதுகிறேன், அதுதான் எழுத்துப் பெரிது.

விலகல் கட்டணத்தைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே தயாளினிக்கு ஃபோன் எடுத்தேன். அவள் அழவில்லை, உன்னைப் பற்றிக் குறையும் சொல்லவில்லை. "அக்கா, நீங்கள் வாங்கோ. நான் மேரியில எடுத்துத் தாறன். அவரைப் பற்றி மட்டும் இப்ப கதைக்க வேண்டாம்," என்றாள். நான் கதைக்கவில்லை. சொன்னபடி கடதாசி எடுத்து அனுப்பினாள். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். நீ வாயைத் திறக்க ஒரு நகரம் எழும்பி இரண்டு தரம் விழ வேண்டியிருந்தது.

போன திங்கட்கிழமை வீசா குத்தி வந்துவிட்டது. ஐப்பசி இருபத்துநாலாம் திகதி காலை வந்து இறங்குவேன். விமான நிலையத்துக்கு நிரோஜினி வருவாள். லெ பிளாங்-மெனிலில் தங்குவேன். மியூசியத்துக்கு என்னைக் கூட்டிப் போவது நீ. வீட்டுக்கு வந்து மணியை அடி. கதவு எவ்வளவு திறக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, அது அவளுடைய கதவு. நான் சப்பாத்தோடு வாசலிலேயே நிற்பேன். நீ கழற்ற வேண்டாம். நல்ல காலுறை போட்டுக்கொண்டு வா.

கூடை சுமக்கும் ராசாவையும் கழுத்தில் கீறல் உள்ளவரையும் எனக்குப் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும். கண் ஓரம் தெரியாததால் நீ கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டியிருக்கும். பகிடி விடலாம், ஆனால் கேட்டதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். ழான்-மார்க்குக்கு என் வணக்கம். நல்ல வாத்தியார்.

வெங்காயம் வெட்டும்போது மட்டும் கண் கலங்கும்படி கடவுள் உன்னை வைத்திருக்கட்டும்.

அக்கா பூரணி

பி.கு.: கரிகாலனிடம் லீவு கேட்டு வை. செவ்வாய்க்கிழமை சரிவராது. அந்த மியூசியத்துக்கு வர வேண்டும் என்று நான் நினைத்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த விபரம் ஒன்றுதான்: உன் கடையைப் போலவே அதுவும் செவ்வாய்க்கிழமை பூட்டு.